பாட்டியின் ஐம்பது மீட்டர்

என் பாட்டி இருபத்தொன்பது வருடம் நீச்சலுடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் குளிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் அவள் இறங்கியதே இல்லை.

அவளுக்கு செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த உடைகள் பெட்டி பெட்டியாக அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, இரண்டு தோள்பட்டிகளையும் கட்டைவிரலில் மாட்டி ஒரு இழு இழுப்பாள். தையல் லேசாக முனகினாலும் போதும், திருப்பி அனுப்பிவிடுவாள். தேறியதில் மட்டும் அவளுடைய எண் அச்சிட்ட சின்னத் துணித்துண்டு பக்கத் தையலில் ஏறும். அவள் எண் பதினாறு. தையல் பிரிவுக்காரர்கள் அவளுக்கு 'இழுவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். இழுக்கத்தானே நம்மை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அறுபது வயதில் ஓய்வு கொடுத்தார்கள். பிரிவு உபசாரத்தில் ஒரு சுவர்க்கடிகாரமும், தொழிற்சாலையில் தைத்த கருநீல நீச்சலுடை ஒன்றும் பரிசு. அரைக்கை வைத்து முழங்கால் வரை நீண்ட உடை. மேலாளர் அதை வேடிக்கைக்காகத்தான் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், பாட்டியும் சிரித்தாள். அடுத்த திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றும் கிளம்பவில்லை. காலைச் சாப்பாட்டின்போதே அறிவித்துவிட்டாள். அப்பாதான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இந்த வயசுல எதுக்கும்மா தண்ணியில எல்லாம்?"

"வேற எந்த வயசுல போறது? அந்த வயசுல எல்லாம் வேலைக்குப் போயிட்டு இருந்தேன்."

அப்பா தாத்தாவைப் பார்த்தார். தாத்தா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். வாயைத் திறந்தால் பிழை வந்துவிடுமோ என்று பேச்சையே குறைத்துக்கொண்டவர். அவர் யோசித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துண்டு எடுத்துக்கிட்டியா?"

எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. பாட்டிக்குத் துணை என்று சொல்லி அம்மா என்னையும் அனுப்பினாள். உண்மையில் எனக்குக் கொடுத்தது உளவு வேலை. குளத்தில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் வகுப்பில் பதினோரு பேர் நின்றோம். பத்து வயதைத் தாண்டியவர் யாரும் இல்லை, பாட்டியைத் தவிர. பயிற்சியாளரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போது மட்டும்தான் அவர் வாயிலிருந்து அது இறங்கும் என்று பேச்சு. அவர் பாட்டியைப் பார்த்ததும் சுவரோரப் பெஞ்சைக் கை காட்டினார்.

"நான் காவலுக்கு வரல தம்பி. கத்துக்க வந்திருக்கேன். இவதான் எனக்குக் காவல்."

அன்று சாப்பாடு இல்லாமலேயே விசில் வாயிலிருந்து இறங்கியது.

நாங்கள் சின்னவர்கள் இரண்டே வாரத்தில் தவளை மாதிரி ஆகிவிட்டோம். பாட்டி கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். தண்ணீர் பயமில்லையாம். காலை மட்டும் தரையிலிருந்து எடுக்க முடியவில்லையாம். எங்கள் விடுமுறை முடிந்து, நாங்கள் சனிக்கிழமை மட்டும் வருகிறவர்களாக மாறிய பிறகும் அவள் அதே கம்பி, அதே மூலை. விசில் அவளைத் திட்டவுமில்லை, சும்மா புகழவுமில்லை. நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை அவள் தலைக்கடியில் கையைக் கொடுத்து, கூரையில் எத்தனை விளக்கு இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். பாட்டி மெதுவாக எண்ணிக்கொண்டே போனாள். அவர் கையை எடுத்துவிட்டார். எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. கருநீல உடையில் பாட்டி தண்ணீர்மேல் ஒரு சோபா மாதிரி மிதந்தாள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்திரண்டு," என்றாள் பாட்டி. "அதுல ஒண்ணு எரியல, தம்பி."

அதற்குப் பிறகு அவளைக் கரையேற்றுவதுதான் கஷ்டமாகிவிட்டது. வாரத்துக்கு நான்கு நாள் போனாள். ஒரே ஒரு சிக்கல் இருந்தது, அவள் கை. உடை மாற்றும் அறையில் யாராவது முதுகைக் காட்டினால் போதும், கட்டைவிரல் தானாகப் போய்த் தோள்பட்டியை இழுத்துப் பார்க்கும். ஒரு வக்கீலம்மா குளத்து அலுவலகத்தில் புகாரே கொடுத்துவிட்டார். பாட்டி நேரில் போய் மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு நிறுத்தாமல், அந்தப் பட்டி இரண்டு வாரம்தான் தாங்கும் என்றும் சொல்லிவிட்டு வந்தாள். பத்தாவது நாள் அது அறுந்தது. வக்கீலம்மா மறுநாள் தன்னுடைய மூன்று உடைகளையும் ஒரு பையில் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தார். அப்படியே வழக்கமாகி, ஒரு வருடத்துக்குள் அந்தக் குளத்தில் நீந்துகிற பாதிப் பேரின் உடை பாட்டி கைக்கு வந்து போயிருந்தது.

அறுபத்தெட்டு வயதில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐம்பது மீட்டர். அதாவது குளத்தின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். மொத்தம் ஐந்து பேர். ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை, கடைசியாக வராமல் இருந்தால் போதும் என்றாள். ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் பிஸ்கட்டைத் தொடவில்லை. நாங்கள் குடும்பமாகப் போய் மாடத்தில் உட்கார்ந்தோம். அப்பா கைதட்டத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

விசில் ஊதினார். முதல் பாதியில் பாட்டி மூன்றாவது. அப்பாவால் நம்ப முடியவில்லை. அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பினார்கள். திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும், பக்கத்துத் தடத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த உயரமான அம்மா சட்டென்று நின்றுவிட்டார். ஒரு கையால் தடக்கயிற்றைப் பிடித்து, இன்னொரு கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். மாரடைப்பு என்று மாடத்தில் யாரோ சொல்ல, விசில் தண்ணீரில் குதிக்கப் போனார்.

பாட்டி அவரை நோக்கிக் கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினாள். பிறகு கயிற்றுக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்தாள். அது வரை மூக்கைப் பிடிக்காமல் அவள் ஒரு தடவைகூட முங்கியதில்லை.

அறுந்தது அந்த அம்மாவின் தோள்பட்டி. அந்த இடத்தில் கழுத்தளவுதான் தண்ணீர். இரண்டு பேரும் நுனிக்காலில் நின்றார்கள். பாட்டி அறுந்த முனையை முதுகுப் பட்டியோடு சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். திருப்தி இல்லை, இன்னொரு முடிச்சுப் போட்டாள். இதற்குள் மற்ற மூன்று பேரும் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு கிழவிகளும் பக்கம் பக்கமாக, அவசரமே இல்லாமல், ஏதோ பேசிக்கொண்டே நீந்தி வந்தார்கள். மாடம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

நடுவர் இரண்டு பேரையும் தகுதி நீக்கம் செய்தார். ஒருவர் நின்றுவிட்டார், இன்னொருவர் தடம் மாறிவிட்டார். அப்பா சண்டைக்கே இறங்கிப் போனார். பாட்டிதான் அவரை இழுத்து நிறுத்தினாள். "விடுப்பா. அவரு வேலைய அவரு பாக்கறாரு. நான் எத்தனை பேரோடத திருப்பி அனுப்பியிருக்கேன்."

உடை மாற்றும் அறைக்கு நானும் கூடப் போனேன். உயரமான அம்மா விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்ற டீச்சர். ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, அறுந்த உடையைப் பாட்டியிடம் நீட்டினார். பாட்டி உள்பக்கத்தைத் திருப்பினாள். அவளுடைய தொழிற்சாலை உடை. பக்கத் தையலில் வெளுத்துப்போன துணித்துண்டு. அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கவில்லை. பதினாறு.

பாட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பந்தயம் போனதற்கு வாடாத முகம் இப்போது வாடிவிட்டது.

"டீச்சர், இது நான் பாத்து அனுப்பினது."

"எது?"

"இந்தப் பட்டி. நல்லா இருக்குன்னு நான்தான் நம்பர் போட்டேன். நாலு பேர் முன்னாடி உங்கள நிக்க வெச்சிட்டேன்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பாட்டி மேசை, எண், இழுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் சொன்ன பிறகு புரிந்தது. அவர் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த உடையைத் தான் வாங்கியது பதினாலு வருடத்துக்கு முன்னால் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் போட்டிருக்கிறாராம். வீட்டில் புதிதாக ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடக்கிறதாம், மகள் வாங்கிக் கொடுத்தது. இதை விட மனசில்லாமல் போட்டுக்கொண்டு வந்தாராம்.

"பதினாலு வருஷமா?" என்றாள் பாட்டி.

"பதினாலு முடிஞ்சு பதினஞ்சு."

"குளோரின் தண்ணியிலயா?"

"பின்ன வேற எந்தத் தண்ணியில?"

பாட்டி துணித்துண்டை மறுபடி பார்த்தாள். தொழிற்சாலை உத்தரவாதம் கொடுத்தது இரண்டு வருடத்துக்குத்தான் என்று மெல்லச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சேர்ந்துகொண்டார். நான் வெளியே வந்தபோது, தங்கம் வாங்கியது யார் என்று விசில் என்னையே சந்தேகமாகக் கேட்டார். உள்ளேயிருந்து அப்படிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அன்று முதல் அவர்கள் ஜோடி. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்குக் குளம். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நான்கு மாதம் நிறுத்தியதைத் தவிர, பாட்டி எண்பத்து மூன்று வயது வரை நீந்தினாள். நான் வேலைக்கு வெளியூர் போன பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அங்கே குளம் இருக்கிறதா என்றுதான் கேட்பாள்.

போன மாதம் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை விடியலில் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்தோம். உறவுக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழரை மணி இருக்கும், ஒரு கூட்டம் உள்ளே வந்தது. இருபது பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் தலை சொட்டச் சொட்ட ஈரம். சிலர் நீச்சலுடைக்கு மேலேயே சட்டையை மாட்டியிருந்தார்கள். குளத்தில் செய்தி வந்ததும் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றி, அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. டீச்சர் வக்கீலம்மாவின் கையைப் பிடித்தபடி முன்னால் வந்து, பாட்டியின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இவர்கள் யார் என்று என் பெரியத்தை காதோடு கேட்டாள். யார் என்று சொல்வது? பாட்டியோடு படித்தவர்கள் என்றேன்.

கூடம் முழுக்கத் தண்ணீர், ஈரக் கால் தடங்கள். யாராவது வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்று அம்மா தரை துடைக்கிற துணியோடு வந்தாள். அழுது சிவந்த முகத்தில் அவளுக்குப் பாதிச் சிரிப்பு. தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து அவளைத் தடுத்தார். 

"இருக்கட்டும்மா. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் துடைக்கலாம்."