ஆற்றுக்கு ஒரு தொழில்தர சிடி

ஆற்றுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆறுகளுக்கு மாற்றல் வருவது வழக்கம்தான். தண்ணீருக்குக் குழாய் இருந்தது. சத்தத்துக்குத்தான் வழியில்லை. அதை யாராவது பதிந்து வைக்க வேண்டும்.

“நான் பதியுதேன்” என்றாள் இசக்கியம்மாள். ஊர்க் கல்யாணங்களை எல்லாம் பதிந்தவள் அவள். தன்னால் முடியுமா என்ற சந்தேகம் அவளுக்கு எந்தக் காரியத்திலும் வந்ததில்லை.

வெற்று சிடி வாங்க அருணாசலத்தின் கடைக்குப் போனாள். கடை வாசலில் குறுகலாகவும், உள்ளே போகப் போக நீளமாகவும் இருந்தது. வீட்டு உபயோக சிடிகள் முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. தொழில்தர சிடிகள் பின்னால், அடுத்த தெருவுக்கும் அப்பால் இருந்தன.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு, அண்ணாச்சி?”

“பார்வைக்கு அப்படித்தான். வீட்டு சிடியில சாயம் மெலிசு. செஞ்ச கையோட பெட்டியில போட்டுருவான். தொழில் சிடியச் சோதிச்சுத்தான் அனுப்புவான். மேல்பூச்சும் கெட்டி. வெயில் பட்டாலும் மறக்காது.”

இசக்கியம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தன் கல்யாணத்தை அவள் வீட்டு சிடியில்தான் பதிந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் கணவன் சுடலைமுத்து பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடுகிறான். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகிவிடும். அவள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பேசத் தொடங்குவான். நடுவில் என்ன சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது. நல்ல வார்த்தையாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆற்றுக்கு அப்படி ஆகக் கூடாது. அவள் கடைக்குள் நடந்தாள். திரும்பி வந்தபோது கையில் தொழில்தர சிடி இருந்தது. அருணாசலத்துக்கு அதற்குள் தாடி வளர்ந்திருந்தது.

வீட்டில் இருந்த பதிவுப் பெட்டி சிடியை வெளியே துப்பியது.

“இது தொழில் சிடி” என்றது. “நான் வீட்டுப் பெட்டி.”

“அவ்வளவுதான?”

இசக்கியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கதவைப் பூட்டினாள். “இப்பச் சொல்லு. நீ எந்த வீட்டுப் பெட்டி?”

பெட்டி யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது.

மூட்டை முடிச்சோடு படித்துறையில் உட்கார்ந்திருந்தது ஆறு. சுற்றி ஊரே நின்றது. சிடி சுழன்றது. ஆற்றிடமிருந்து சத்தம் வரவில்லை.

“எல்லாரும் பாக்காவ, யக்கா” என்றது ஆறு.

“எல்லாரும் திரும்பி நில்லுங்க” என்றாள். ஊர் திரும்பி நின்றது. அதன் பிறகு ஆறு, சிடி நிறையும்வரை ஓடியது. முதுகைக் காட்டி நின்றவர்களில் சிலர் மூக்கைத் துடைத்தார்கள். அவர்கள் மறுபடி திரும்பியபோது ஆறு பஸ் ஏறியிருந்தது.

ஆடி மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தது ஆறு. இளைத்திருந்தது.

“அங்க ஓடத்தான் செய்யுதேன், யக்கா. சத்தம் வர மாட்டேங்கு. மீனு கூட என்னைய ஆறுன்னு நம்பல. சத்தம் மொத்தமும் ஒங்க சிடியில தங்கிட்டு.”

ஊர்த் தலைவர் தங்கபாண்டியன் குறுக்கே வந்தார். “குடுத்திராத, இசக்கி. எடுத்துட்டுப் போயிட்டுன்னா நமக்கு என்ன மிச்சம்?”

“இது தொழில் சிடி. கேட்டாத் தேயாது” என்று சொல்லி, இசக்கியம்மாள் சிடியை ஓடவிட்டாள்.

ஆறு கன்னத்தில் கைவைத்துக் கேட்டது. கடைசிவரை அசையவில்லை.

“இது நானா?”

“நீதான்.”

“நல்லாத்தான் இருந்திருக்கேன்.”

“இப்பவும் அப்படித்தான் இருக்க.”

ஆறு எழுந்தது. பஸ் நிலையம்வரை சத்தமாகவே போனது. ஜனங்கள் வேட்டியையும் சேலையையும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.