பக்கத்து நாற்காலி

டயாலிசிஸ் அறையில் அண்ணனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பிரபஞ்சம்'. நட்சத்திரப் பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். அங்கே மெஷின் பார்க்கும் டெக்னீஷியன் அவருடைய சொந்தத் தம்பி. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததற்கு மூக்கு மட்டும்தான் சாட்சி; மற்றபடி எலியும் பூனையும்.

அன்று காலை, ஒரு கை மெஷினில் இருக்க, அண்ணன் மறு கையால் தம்பியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். புதன்கிழமையிலிருந்து வரப்போவதில்லை, சிகிச்சையே வேண்டாம் என்று டாக்டருக்கு எழுதியிருந்தார்.

"வரலைன்னா பத்து நாள் தாங்க மாட்டே. தெரியுமில்ல?"

"தெரியும். நம்ம பால்வெளியில மட்டும் பத்தாயிரம் கோடி நட்சத்திரம்டா. அதுல நான் ஒரு தூசி. இருந்தா என்ன, போனா என்ன?"

"ஆறு வருஷமா தூசிக்கா நான் ஊசி குத்தறேன்?"

"யாரு குத்தச் சொன்னா?"

தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாரம் மூன்று நாள் இந்தக் கையைப் பிடித்து நரம்பு தேடியவன் அவன். இந்த ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்குப் போனான்.

அங்கே புதிதாகச் சேர்ந்த தையல்காரம்மா, பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்திவிட்டு, மெஷின் குழாயைப் பொருத்தப் போனான்.

"பட்டை நனைச்சியா?" என்றார் அண்ணன்.

மெஷினைக் கிருமி கொல்லும் மருந்து விட்டுக் கழுவுவார்கள். மருந்து மிச்சமில்லையென்று காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்த பிறகே ஆளை இணைக்க வேண்டும்.

"உன் வேலையைப் பாரு."

"கையை எடுடா நாயே. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ நனைக்கலை."

நனைத்தான். வெள்ளைப் பட்டை நீலமாகிவிட்டது. பொருத்தியிருந்தால் மருந்து நேராக அந்த அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கும். அவமானம் பிடுங்கித் தின்றது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது அவனுக்கு.

"எதுக்குக் கத்தினே? இந்தம்மாவும் ஒரு தூசிதானே," என்றான், தாழ்ந்த குரலில்.

அண்ணன் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலேயே, "ஆரம்பிச்சாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைம்மா. மெஷினை இன்னொரு தடவை கழுவணும்."

"புதன்கிழமையும் இவங்களுக்கு நீதான் மாட்டுவியா?" என்றார் அண்ணன்.

"நான்தான்."

"அந்தக் கடுதாசியைக் கொடு."

கொடுத்தான். அண்ணன் அதை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வந்து உட்காரணும். உன்னை நம்பி ஒரு ஆளை விட முடியாது."