பேனரில் ஒரு கண்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, இருமலெல்லாம் அடங்கியிருக்கிறதா? சரி, சாய்ந்து உட்கார்ந்து இதைக் கேளுங்கள்.

சவுண்டு அக்கா என்று பேர்தானே தவிர, அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். மெல்லிசைக் குழுவில் அவளுக்கு வேலை, அரங்கின் பின்பக்கம் கன்சோல் முன்னால் உட்கார்ந்து, யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று குமிழ்களைத் தள்ளி முடிவு செய்வது. அதுவும் சின்னக் கச்சேரிகளுக்கு மட்டும். பெரிய கச்சேரி என்றால் முதலாளியின் மச்சான் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அக்கா ஒயர் சுருட்டுவாள். இந்த மகளிர் தின விழாவைப் பிசகில்லாமல் முடித்துக் கொடுத்தால் அடுத்த மாத ஸ்டேடியம் கச்சேரி உனக்குத்தான் என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டுதான் வந்தாள்.

வந்து பார்த்தால் கன்சோலை ஒட்டி, மேடைப் பக்கம் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு பேனர். நடுவில் ஆள் உயரத்துக்கு அவளேதான். போன வாரம் ஒரு போட்டோக்காரர் கெத்தாக நிற்கச் சொல்லி, கையைக் கட்ட வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு எடுத்த படம். வயதைக் குறைத்து, இல்லாத கன்னக்குழியை வேறு வைத்திருந்தார்கள். கீழே ‘ஒலிக்குப் பின்னால் ஒரு பெண்’ என்று கொட்டை எழுத்து. படம் பிரமாதம். மேடைதான் தெரியவில்லை.

மேடை தெரியாமல் எப்படி? பாடகி விரலை உயர்த்தினால் அவள் பக்கத்து ஸ்பீக்கரைக் கூட்ட வேண்டும்; உள்ளங்கையைத் தாழ்த்தினால் குறைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது ஊளையிடும். ஸ்டேடியமும் போய்விடும்.

விழாக்குழுத் தலைவியிடம் போய்ப் பேனரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். தலைவி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரிப் பெண்களை யாருமே பார்ப்பதில்லை, இன்றைக்கு எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்று கண்கலங்கினாள்.

"என்னைப் பாக்கிறது இருக்கட்டும் மேடம். நான் மேடையைப் பாக்கணும்ல?"

"கூச்சப்படாதீங்கம்மா," என்றாள் தலைவி. சிறப்பு விருந்தினர் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்வாராம். இம்மியும் நகராது.

முதல் பாட்டு. பாடகி விரலைக் காட்டினாளோ, முழங்கையையே காட்டினாளோ, யார் கண்டது. ஸ்பீக்கர் ஊளையிட்டது. கூட்டம் காதைப் பொத்தியது. மச்சான் எங்கிருந்தோ வந்து நாற்காலி முதுகில் கை வைத்தார்.

"எந்திரி, நான் பாத்துக்கிறேன்."

எழுந்தாள். ஒயர் வெட்டும் கத்தியோடு. பேனரின் பின்பக்கம் மங்கலாகத் தெரிந்த முகத்தில் கண் எங்கே என்று தடவிப் பார்த்து, வட்டமாக ஒரு சுற்று. கண் கையோடு வந்துவிட்டது. ஓட்டையில் தன் கண்ணை வைத்தாள். மேடையில் பாடகி உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல் குமிழை இறக்கியது. ஊளை அடங்கியது.

கடைசிப் பாட்டுவரை நின்றபடியே வேலை பார்த்தாள். நடுவில் படம் எடுக்க வந்த விருந்தினர், பேனர் கண் சிமிட்டியதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். என்ன உயிரோட்டம் பாருங்கள் என்று தலைவி பூரித்துப்போனாள்.

முதலாளிக்கும் வாயெல்லாம் பல். "ஸ்டேடியத்துக்கும் உன் பேனரையே கட்டிடுவோம்மா, இதைவிட ரெண்டு மடங்கு பெருசா. கன்சோல்ல மட்டும் மச்சான் இருக்கட்டும். பெரிய இடம் பாரு."

"படத்துல உங்க மச்சானை நிக்க வைங்கண்ணே. கன்னக்குழி வெச்சா அவருக்கும் நல்லாத்தான் இருக்கும். நாற்காலியை எனக்கு விடுங்க."

அன்றைக்குத்தான் அவள் குரல் வேன் வரைக்கும் கேட்டது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதலாளி சிரித்தார்; அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். மச்சான் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

வேன் கிளம்பியது. கன்சோல் பெட்டியின் மூடியில் அந்த வெட்டிய கண்ணை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். வழியெல்லாம் அது இமைக்காமல் முதலாளியையே பார்த்துக்கொண்டு வந்தது. அவரும் அதற்குத் தப்ப ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்; நாற்காலி யாருக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

உங்களையும் யாராவது இப்படிப் பாராட்டியே மறைத்திருக்கிறார்களா? நீங்கள் எந்த இடத்தில் ஓட்டை போட்டீர்கள்? கீழே எழுதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படிக்கிறேன்.