காரணம் எழுதாத கடிதம்

1.
இந்தக் கதை நான் எழுதத் திணறிய ஒரு கடிதத்திலிருந்து வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹாலிஎலயில் மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறவன் நான். போன மாதம் ஒரு பெண் வந்தார்.

"ஐயா, எங்க தோட்டத்து டாக்டரையாவுக்கு ஒரு கடுதாசி. வலி மாத்திரை குடுக்கக் கூடாது, கொழுந்து மலைக்குப் பதிலா லேசான வேலைக்குச் சீட்டு குடுக்கணும்னு எழுதுங்க. ஏன்னு மட்டும் எழுதாதீங்க."

பின்னர் இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். "நான்னு தெரியாம எழுதுவீங்கன்னா எழுதுங்க" என்றார்.

2.
முதல் தொடக்கம்: 'ஸ்பிரிங்வெளியில், மேல் லயத்தின் மூன்றாவது காம்பராவில்...' வேண்டாம். லய வரிசையில் எந்த அறை என்று சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

இரண்டாவது: 'கொழும்பில் வேலை செய்த கணவன் மெலிந்து மெலிந்து...' அடித்துவிட்டேன். அப்படிச் செத்தவர் அந்த லயத்தில் ஒருவர்தான்.

ஆகவே, விஜயலெட்சுமி. (பெயர் பொய்.) ஏதோ ஒரு தோட்டம். கொழுந்து எடுப்பவள். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

3.
ஆறு வருசமாக அவள் எச்.ஐ.வி.க்கு மாத்திரை போடுகிறாள். பதுளை எச்.ஐ.வி. கிளினிக்கில் வாங்கிய உடனே போத்தலின் லேபிளை உரித்துவிடுவாள். கேட்பவர்களிடம் பிரஷர் மாத்திரை என்பாள். கொழுந்து மலையில் கக்கூஸ் கிடையாது. மற்றப் பெண்களைப் போல அவளும் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. இடுப்பு விட்டுப்போனால் டாக்டரையாவின் வலி மாத்திரை; அது இல்லாமல் மலையேற முடியாது.

கிளினிக்கில் டாக்டர் நிவேதிகா இரத்த ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார்.

"கிரியாட்டினின் கூடியிருக்கு அக்கா. வேற என்ன குளிசை போடுறனீங்கள்?"

"இடுப்பு வலிக்கு, தோட்டத்துல குடுக்குறதுங்க."

"எவ்வளவு காலமா?"

"மூணு வருசம் இருக்கும்."

டாக்டர் பேனையை வைத்தார். "நீங்கள் போடுற எச்.ஐ.வி. மருந்தே சிலருக்குக் கிட்னியைத் தாக்கும். அதோட வலிக் குளிசையும் போட்டு, தண்ணியும் குடிக்காட்டி எப்பிடி? மருந்தை நான் மாத்தித் தாறன், நீங்களா நிப்பாட்டாதேங்கோ. வலிக் குளிசை இனி வேண்டாம். தோட்டத்து டொக்டருக்குச் சொல்லுங்கோ."

"சொன்னா?"

"சொன்னா அவர் தரமாட்டார்."

"அது இல்லைங்க. சொன்னா?"

டாக்டர் கடிதம் தர முன்வந்தார். அதில் கிளினிக் முத்திரை விழும். எந்தக் கிளினிக் என்று அந்த முத்திரை சொல்லிவிடும். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

4.
'சிறுநீரக நோய் தொடங்கியிருப்பதால்...' என்று எழுதினேன்.

"ரிப்போட்டு எங்கம்பாரு. அதுலயும் கிளினிக்கு பேரு இருக்கு."

'பிரஷர் இருப்பதால்...'

"பிரஷர் பாத்து அதுக்கும் ஒரு மாத்திரை குடுப்பாரு. நீங்களே என்னைய கொன்னுருவீங்க போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'எனக்கு எச்.ஐ.வி. இருப்ப

அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள். மை காயவில்லை. கையில் ஒட்டிய எழுத்துகளைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

5.
முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். டாக்டரையா மதுசூதனன் கடிதத்தைப் படித்து, கதவைச் சாத்தி, "இருங்கோ" என்கிறார். இது எனக்குப் பிடித்த முடிவு. (நடக்கக்கூடியதும்தான். ஆள் கெட்டவர் இல்லை.)

இன்னொன்றை அவளே சொன்னாள். "அந்த எச்.ஐ.வி. மாத்திரையையே விட்டுட்டா கிட்னி தப்பிச்சிருமுல்ல?" நான் எழுந்தே நின்றுவிட்டேன். "விட்டா ஆளே தப்பாது, தாயி."

மூன்றாவது முடிவுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் மலையேறுகிறாள், தண்ணீர் குடிக்காமல். நாளைக்கும். அதைப் பாதியில் நிறுத்திப் பேனையை மூடினேன்.

6.
கடைசியில் காரணத்தோடு ஒன்று, காரணமில்லாமல் ஒன்று, இரண்டு கடிதம் கொடுத்தேன். கதையில் இப்போது தோட்டத்து டிஸ்பென்சரி வரிசையில் நிற்கிறாள். உள்ளேயிருந்து டாக்டரையாவின் குரல் வாசல்வரை கேட்கிறது:

"என்ன பெரியாயி, மூலத்தில இன்னும் இரத்தம் போகுதோ?"

வரிசையே சிரிக்கிறது. பெரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறாள். "வெக்கங்கெட்ட மனுசன்! ஒங்க கதையையும் இப்பிடித்தான் கேப்பாரு, போங்க."

அடுத்தது விஜயலெட்சுமி. எந்தக் கடிதத்தை நீட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். தயவுசெய்து, காதில் விழாதபடி பத்தடி தள்ளி நில்லுங்கள்.