இருபத்தைந்து கிலோ மூட்டைக்கு ஏற்ற வகுப்பு

முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு பேக்கரிக்குத் திரும்பிய அன்று, முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எட்டு வாரம் அவகாசம் தருவாராம். அதற்குள் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி, பிசையும் இயந்திரத்தின் விளிம்பில் அவர் கண்முன்னால் வைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அடுப்பறையை விட்டு முன்பக்கம் விற்பனைக்குப் போக வேண்டும்.

"தண்டனை இல்லம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

என் நல்லதுக்கு என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்பறை என் ராஜ்யம். மாவு உப்பி வரும் நேரம் எனக்குத் தெரியும். வருகிறவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. அந்த எட்டு வாரமும் ரொட்டி வெட்டுகிறவர்தான் எனக்கு மூட்டை தூக்கிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவமானமாக இருந்தது.

என் நாத்தனார் பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறவள். "தெருக்கோடியில ஒரு ஜிம் இருக்கு அண்ணி. சேந்து போலாம், தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு" என்று இழுத்துப் போனாள். உங்கள் நோக்கம் என்ன என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே 'உடம்பு இளைக்கணும்' என்று எழுதினாள்.

"எனக்கு எங்கடி இளைக்கணும்?"

"எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க அண்ணி. பேசாம கையெழுத்துப் போடுங்க."

முதல் வாரம் எதில் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம் என்றார்கள். சைக்கிள் வகுப்பில் இருந்த இடத்திலேயே அரை மணி மிதித்ததில் மிஞ்சியது தொடை வலி. உடம்பை நீட்டி மடக்கும் வகுப்பில் நான் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேன் என்கிறாள் நாத்தனார். நான் நம்பவில்லை. ஆட்ட வகுப்பு மட்டும் பிடித்துப்போயிற்று. எல்லாரும் வலது பக்கம் போனால் நான் இடது பக்கம் போவேன், யார் மேலாவது மோதுவேன், அவர்களும் சிரிப்பார்கள். வேர்த்துக் கொட்டியது. எங்கள் அடுப்பறையில் வேர்த்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதனால் இதுதான் எனக்கு ஏற்றது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று வாரம் ஆடினேன். உடுப்பெல்லாம் தளர்ந்தது. ஒரு மத்தியானம் அடுப்பறையில் ஆளில்லாத நேரம் பார்த்து மூட்டையைக் கட்டிப் பிடித்தேன். முழங்கால் வரை வந்தது, அதற்கு மேல் வர மாட்டேன் என்றது.

அன்று சாயங்காலம் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவள் தரையில் விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா ஆடறேன், ஒரு மூட்டையத் தூக்க முடியல. என்ன கிளாஸ் நடத்தறீங்க?"

"எந்த மூட்டை அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல இளைக்கணும்னுதானே இருக்கு? டான்ஸ் உங்க மூச்சுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனா கனத்தத் தூக்கணும்னா, கனத்தத் தூக்கித்தான் பழகணும். வெயிட் கிளாசுக்கு வாங்க."

அதுவும் ஆட்ட வகுப்பும் ஒரே நேரம். நாத்தனாருக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப நானும் அங்கயே வரேன்" என்றாள்.

"நாள் பூரா நின்னுக்கிட்டு அடுத்தவங்க தலையப் பாக்கறவ நீ. உனக்கு ஆட்டம்தான் வேணும். பக்கத்து ரூம்தானே, போய் ஆடு" என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் போய் ஆடினாள்.

வெயிட் வகுப்பில் ஆளுக்கொரு கம்பி. இரண்டு முனையிலும் இரும்புத் தட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். தட்டில் எண் இருக்கும். நான் அதைப் படிக்கவே இல்லை. ரொட்டிக்கு மாவு கிள்ளும்போது நான் தராசைப் பார்ப்பதில்லை. நானூறு கிராம் என்றால் என் கை நானூறுதான் கிள்ளும். அந்தத் திமிரில் தட்டுகளையும் கையாலேயே எடைபோட்டு மாட்டினேன். இருபது கிலோவைத் தூக்குகிறேன் என்று ஒரு வாரம் வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருபது இருக்கும்."

அவள் குனிந்து ஒவ்வொரு தட்டாகப் படித்தாள். "கம்பியோட சேத்து ஒம்பது கிலோதான் அக்கா."

நானூறு கிராமில் தப்பாத கை, இரும்பில் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது. கோபம் வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து எண்ணைப் படித்துத்தான் மாட்டினேன். கனத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்கவும், முதுகை வளைக்காமல் இடுப்பை இறக்கவும், காலால் எழுந்திருக்கவும் அவள் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டு, பதினாறு, பிறகு மணல் மூட்டை. பக்கத்து அறைப் பாட்டு சுவர் வழியாகக் கேட்கும். அதற்கு நடுவில் நாத்தனார் சத்தமாகச் சிரிப்பதும் கேட்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எட்டாவது வாரக் கடைசி நாள் முதலாளி அடுப்பறைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரொட்டி வெட்டுகிறவரும் கத்தியை வைத்துவிட்டு வந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. காலை அகட்டி, இடுப்பை இறக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்தேன். முழங்கால் தாண்டியது. தொடை நடுங்கியது, ஆனால் முதுகு ஒன்றும் சொல்லவில்லை. நேராக நிமிர்ந்து நின்றேன். மூட்டை என் கையில் இருந்தது.

"சரிம்மா, போதும். விளிம்புல வெச்சிடுங்க" என்றார் முதலாளி.

"இருங்க முதலாளி" என்றேன். "ரெண்டு மாசமா இத அடுத்தவங்க கையில பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன்."

அவர் காத்திருந்தார்.