படப்பெட்டியும் நடு அச்சும்

அறந்தாங்கி எல்லையைத் தாண்டுவதற்குள் மரியசெல்வத்தின் சைக்கிளில் நடு அச்சு முறிந்தது. பெடல் கிராங்குகள் இரண்டையும் தாங்குகிற அச்சு அது. வலது கிராங்கு தொளதொளவென்று தொங்கிவிட்டது. பின்னால் கேரியரில் கட்டியிருந்த தகரப்பெட்டிக்குள் சினிமாவின் பிற்பாதிச் சுருள்கள் இருந்தன.

அறந்தாங்கிக் கொட்டகையில் அன்று பகல் காட்சியோடு படம் முடிந்திருந்தது. முற்பாதி மத்தியான பஸ்ஸிலேயே ஆவுடையார்கோவில் டூரிங் டாக்கீசுக்குப் போய்விட்டது. அங்கே முதலாட்டத்தின் இடைவேளைக்குள் பிற்பாதி போய்ச் சேர வேண்டும். போன மாதம் பெட்டி வராமல் ஆட்டம் நின்றபோது கூட்டம் பெஞ்சுகளை உடைத்தது. பெட்டி கொண்டுவருகிறவனின் வேலை அன்றைக்கே போயிற்று. அந்த இடத்துக்குத்தான் மரியசெல்வம் வந்திருந்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சூசைராஜின் சைக்கிள் கடைக்கு ஓடினான். திருவிழாக் காலம், வாடகை சைக்கிள் ஒன்றுகூட இல்லை. சூசைராஜ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முறிந்த அச்சையும் அதன் இரு முனையையும் தாங்குகிற, குழி விழுந்து தேய்ந்திருந்த கப்புகளையும் கழற்றினார். புதுக் கப்பு ஒன்றை வைத்துத் திருகினார். அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஏற்றிவிடச் சொன்னான் மரியசெல்வம்.

"தட்டுனா ஏறுன மாதிரிதான் இருக்கும். பாதி வழியில கழண்டுக்கிரும். இது சீமை வண்டி, திருகுற மரை வேற. செத்த பொறுங்க."

இருவரும் பழைய சாமான் பெட்டியைத் தரையில் கொட்டித் தேடினார்கள். மரியசெல்வம் எடுத்துக்கொடுத்த ஒரு ஜோடிக் கப்பு, விரலால் திருகியதுமே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் அதோடு கிடந்த அச்சு குட்டை. இடது கிராங்கு பிரேமில் உரசியது. மறுபடியும் கழற்றி, சற்று நீளமான இன்னொன்றைப் போட்டார்கள். கிரீஸ் தடவிப் பால்ரஸ் குண்டுகளை அடுக்கினார் சூசைராஜ். கப்பை இறுக்கினால் அச்சு சுற்றவில்லை, தளர்த்தினால் ஆடியது. இம்மி இம்மியாகத் திருப்பி ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்குகளை மாட்டி ஆணி அடித்தார். பிறகு கிராங்கைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுழன்று நின்றது.

"இனிப் போங்க. என்ன மிதி மிதிச்சாலும் தாங்கும்."

பொழுது சாய்ந்திருந்தது. மரியசெல்வம் வழியில் எங்கும் காலூன்றவில்லை. ஆவுடையார்கோவில் கொட்டகை கண்ணில் பட்டதும் காதைத் தீட்டிக்கொண்டான். உள்ளே கதாநாயகி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு முழு மூச்சு வந்தது. ஆபரேட்டர் நாகராசு வாசலிலேயே நின்று, பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினான்.

கொட்டகை வாசலில் சுண்டல் விற்கும் மரியசெல்வத்தின் மனைவி செபமாலை அவனுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்கிட்டுப் போயிருந்தீங்க? இடைவேளை விடப் போறாங்க."

"அச்சு ஒடிஞ்சிருச்சு. மாத்திப் போட்டுக்கிட்டு வாரேன்."

இடைவேளை விட்டது. சுண்டல் வாங்க வந்தவர்களில் ஒருவரும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மணி அடித்ததும் உள்ளே போய் மணலில் உட்கார்ந்தான். பிற்பாதியின் முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனான்.