மைக் செட் வீட்டுப் பள்ளிக்கூடம்

மறுபடியும் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில்தான். என் மகள் தமிழ்மணி விட்டு விட்டுப் படித்து ஒன்பதாம் கிரேடு முடித்ததே பெரிய காரியம். வருஷத்தில் பாதி நாள் வகுப்புக்கு வராத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்களையும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

எங்களுக்கு மைக் செட் தொழில். யாங்கோனில் தாகேதா பக்கம் வீடு என்று ஒன்று இருக்கிறது. பூட்டு துருப்பிடிக்காமல் இருக்க எப்போதாவது போய்த் திறப்போம், அவ்வளவுதான். தைப்பூசம் தொடங்கினால் பகோ, பியே, மொலமியாங் என்று கோயில் கோயிலாக லாரி ஓடும். கோயில் திருவிழா ஓய்ந்தால் பகோடாத் திருவிழா, அதுவும் ஓய்ந்தால் கல்யாணம், காதுகுத்து. என் வீட்டுக்காரர் உதயசூரியன், அவருடைய சித்தப்பா மகன் சின்னத்தம்பி, நான், மணி, நாலு பேரும் லாரியோடுதான். ஆம்பிளிபயர், ஜெனரேட்டர், குழாய் ஸ்பீக்கர், பாய், தலையணை, அடுப்பு எல்லாம் அதில் இருக்கும்.

இந்த வருஷம்தான் அந்தப் பேச்சு வந்தது.

"குமாரி, மணிய லான்மடாவ்ல அக்கா வீட்ல விட்ருவோமா? ஒரே எடத்துல இருந்து படிக்கட்டும்" என்றார்.

அக்கா என்றால் என் நாத்தனார் கனகாம்பாள். யாங்கோனிலேயே லான்மடாவில் மசாலாக் கடை வைத்திருக்கிறாள். நல்லவள்தான். அவள் வீட்டில் பிள்ளைக்குச் சோறும் குறையாது, பேச்சும் குறையாது. பெற்ற பிள்ளையைக் கண்ணில் பார்க்காமல் ஊர் ஊராகப் போய் யாருக்கோ நான் பாட்டுப் போட வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. படிப்பைக் கெடுத்த தாய் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

மணிதான் லாரியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, போனைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் ஆன்லைன்ல படிக்கிறேன். ஹை ஸ்கூலே ஆன்லைன்ல இருக்கு."

இருந்தது. ஒன்றல்ல, பல. ஒரு வாரம் அப்பாவும் மகளும் அதையே பேசினார்கள். முதலில் பார்த்த பள்ளியில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை கேமரா முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் ஏதாவது ஒரு பாலத்தின் மேல் ஆடிக்கொண்டு போவோம். அது தள்ளுபடி. இன்னொன்றில் பாடமெல்லாம் முன்பே பிடித்து வைத்த வீடியோ. இஷ்டப்பட்ட நேரத்தில் பார்க்கலாம்; படித்தாயா என்று கேட்க ஆள் கிடையாது.

"இது படிப்பா? படம் பாக்கறது" என்றார் இவர். மணிக்கும் அது பிடிக்கவில்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. சின்னப் பள்ளி. கின் தந்தா என்ற சயாமா, அதாவது டீச்சரம்மா, இன்னும் சில டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துவது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை நேர் வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். மற்றதைத் தானாகப் படித்துக்கொள்ளலாம். நாங்கள் பத்தாம் கிரேடுக்குக் கேட்டபோது ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதற்கும் வாய்மொழித் தேர்வு உண்டு.

"பாஸ் பண்ணா எங்களோட வா. இல்லாட்டி ஜூன் மாசம் லான்மடாவ்" என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தேர்வு நாளன்று நாங்கள் இன்சீன் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் இருந்தோம். மறுநாள் பால்குடத் திருவிழா. நாலு மணிக்கு மணி தலை சீவி, கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, லாரியின் பின்பக்கம் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இவர் கோபுரத்துக்கு எதிரே மூங்கில் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் லாரிப் படிக்குக் காவல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சின்னத்தம்பி போய் ஆம்பிளிபயரைப் போடுகிற வரைக்கும்.

எங்கள் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அதே போனிலிருந்துதான் தினமும் காலையில் சாமி பாட்டுப் போடுவோம். ஆம்பிளிபயர் உயிர் பெற்றதும் போன் தானாகவே அதனோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒயர் கூடத் தேவையில்லை. இத்தனை வருஷமாக அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தோம்.

"தமிழ்மணி, வகுப்பு நேரத்தில் நீ எங்கே இருப்பாய்?"

சயாமாவின் பர்மியக் குரல் கோயில் வாசல் குழாயில் கேட்டது. மடப்பள்ளிக் குழாயில் கேட்டது. தெருமுனைக் குழாயிலும் கேட்டது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழாய் கேள்வி கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை?

"லாரில!" என்று கோயிலே சேர்ந்து சொன்னது.

நான் சின்னத்தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவன் "யாதே, யாதே, சரியாயிருச்சு, சத்தம் நல்லா இருக்கு அண்ணி" என்று கட்டை விரலைக் காட்டினான். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது, ஏன்?

சுண்டல் விற்கிற அம்சவேணி, "ரெண்டும் அண்ணன் தம்பி, மூத்தவன் மொதல்ல வருவான்!" என்றாள். கோயில் தலைவர் ஊ ராஜரத்தினம் விடுவாரா? நாங்கள் பெரியவர்களை பர்மிய வழக்கப்படி ஊ போட்டுத்தான் சொல்வோம். அந்தப் பெரிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பக்கத்திலேயே வந்து, "சாமி மொதல்ல வெளிச்சம் காட்டும், அப்பறந்தான் அதட்டும்! எழுதிக்க!" என்று கத்தினார்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து மணி அவரை விடப் பெரிதாகப் பர்மியத்தில் கத்தினாள். "எல்லாம் தப்பு! சயாமா, அவங்க சொல்றது எல்லாம் தப்பு. வெளிச்சம் வேகமா வரும், சத்தம் மெதுவா வரும். இப்பக்கூட உங்க குரல் பக்கத்துக் குழாய்ல மொதல்ல கேக்குது, தெருமுனைக் குழாய்லேருந்து கொஞ்சம் கழிச்சுத்தான் வருது."

சயாமா எல்லாக் குழாயிலும் கேட்டார்: "உன் கூட எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

இவர் கம்பத்திலிருந்து சறுக்கி இறங்கி, ஓடிப்போய் ஆம்பிளிபயரை அணைத்தார். காரியம் கெட்டது கெட்டதுதான். மணி நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னாள். சயாமா சிரித்தாராம். ஆனாலும் விதி விதிதான் என்றாராம். இந்தத் தேர்வு செல்லாது. நாளை இதே நேரம் இன்னொரு தடவை. வருஷம் முழுக்க எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறாளோ அங்கேயே உட்கார வேண்டும். பதில் சொல்ல ஒரே குரல்தான் இருக்க வேண்டும். வேறு குரல் பதில் சொன்னால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

நாளை இதே நேரம் என்றால் பால்குடம் கோயிலுக்குள் வரும் நேரம். மேளம், பாட்டு, குலவை என்று காது கிழியும் நேரம்.

"அத்தை வீட்டுக்குப் போய் உக்காந்து பேசிட்டு வந்துரேன் மணி. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். எனக்கு அவள் பாஸானால் போதும் என்று இருந்தது.

"அங்க உக்காந்து பாஸ் பண்ணா, ஒவ்வொரு பரிச்சைக்கும் அங்கதாம்மா போவணும். அதுக்கு அங்கேயே இருந்திரலாம்." தார்ப்பாய்க்குள் போய் லாரிப் பலகையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அழுதாளோ என்னவோ. எனக்கு அழுகை வந்தது, அது நிச்சயம்.

மறுநாள் காலை இவர் தலைவரைத் தேடிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"பால்குடம் வர்ற நேரத்துல செட்ட நிறுத்தறதா? ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா, உதயா?" என்றார் ஊ ராஜரத்தினம். "திருவிழான்னா நாலு தெருவுக்குக் கேக்க வேணாமா? அதுக்குத்தான ஒன்னய வரச்சொல்றது?"

"அரை மணி நேரந்தான், தலைவரே" என்றார் இவர். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "எம்புள்ளைய விட்டுட்டுப் போற மாதிரி ஆயிரும். என்னால முடியாது."

அக்கா வீட்டில் விடலாம் என்று முதலில் சொன்ன அதே வாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் மனுஷன் இதை உள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "செட்ட நிறுத்தலாம், மேளத்தையும் நிறுத்தலாம். பொம்பளைங்கள என்னா செய்றது? தலைல எடுத்த குடத்த வழில எறக்கக் கூடாதுல்ல? வெயில்ல எப்பிடி நிக்கும்ங்க?"

இனி நான் சும்மா இருப்பதில் அர்த்தமில்லை. "தலைவரே, நேத்து பரிச்ச எழுதுனது நீங்க. பெயிலானது எம்மக. இது ஞாயமா?"

பக்கத்தில் குடத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அம்சவேணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் நேற்று பரீட்சை எழுதியவள்தானே. "நாங்க நின்னுக்கறோம் தலைவரே. தெருமுனைல படாவ் மரத்து நெழல் இருக்கு. ஆத்தாவுக்கும் ஒரு பொம்பளப்புள்ள படிச்சா சந்தோசந்தான்."

நாலு மணிக்கு ஊர்வலம் தெருமுனையில் நின்றது. மேளக்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். மஞ்சள் புடவையில் வரிசையாக அத்தனை பெண்கள், தலையில் பால்குடம், ஒருத்தி வாயிலும் பேச்சில்லை. ஐஸ் விற்கிறவன் தன் வண்டி மணியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான். இவர் ஆம்பிளிபயரின் ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முன்னால் கால் அகட்டி நின்றார். சின்னத்தம்பியைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோம். அவன் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

திருவிழாவில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. என் மகளின் குரல் மட்டும் தார்ப்பாயைத் தாண்டி வந்தது. கணக்குக்குப் பதில் சொன்னாள். சரித்திரத்துக்குச் சொன்னாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது. சின்னப் பிள்ளையாகவே நினைத்துக்கொண்டிருந்தவள் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறாள்! வெயில் ஏறிய தரையில் பெண்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருத்திக்குக் கழுத்தில் வியர்வை வழிந்தது, பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

முடிகிற நேரத்தில் ஊ ராஜரத்தினம் தும்மினார். தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, பால்குடங்கள் ஆடுகிற தும்மல். இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மாரியாத்தாவைக் கூப்பிட்டேன்.

உள்ளே மணி சொல்வது கேட்டது: "அது எங்க கோயில் தலைவர், சயாமா. அவருக்கு இந்தப் பதில் தெரியாது."

பிறகு தார்ப்பாய் விலகியது. மணியின் முகத்தில் தனக்காவெல்லாம் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"தும்மல் பதில் இல்லேன்னு சொல்லிட்டாங்க" என்றாள். "எடம் குடுத்தாச்சு. ஜூன்லேருந்து வகுப்பு."

நான் அவளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன், வெட்கம் என்ன வெட்கம். தெருமுனையில் யாரோ குலவை போட, வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. மேளம் வெடித்தது. இவர் அவசரத்தில் ஒயரைச் செருகத் தெரியாமல் தடுமாறினார். மணிதான் போய்ச் செருகினாள். அன்றைக்கு எங்கள் செட் பாடிய மாதிரி ஒரு நாளும் பாடியதில்லை.

பால்குடம் முடிந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பகோவிலிருந்து போன் வந்தது. ஜூன் மாதம் அவர்கள் ஊர்த் திருவிழா. பெரிய கோயில், வருஷம் தவறாமல் எங்களைக் கூப்பிடுகிறவர்கள். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசினார்.

"வர்றோம்ங்க. ஒரு விசயம். சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறரை வரைக்கும் செட்டு பாடாது... இல்லீங்க, ரிப்பேர் ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டார்கள். சாயங்காலம் பாடாத மைக் செட்டை யார் கூப்பிடுவார்கள்? எனக்குப் பகீர் என்றது. கொஞ்சம் விட்டுக் கொடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். இவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"எம்மக படிக்கிற நேரம் அது. இஷ்டமிருந்தா சொல்லுங்க, இல்லாட்டி வேற செட்டப் பாத்துக்கங்க" என்றார்.

மணி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நெடுநேரம் யாரிடமோ கேட்டார்கள். கடைசியில் இவர் "சரிங்க, சரிங்க" என்று போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"புள்ளைக்கு நெழலா ஒரு எடம் பாத்து வைக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, பொங்கலைப் பிசைய ஆரம்பித்தார்.